கேர்னலுக்குள் ஒரு வணக்கம்

இலங்கைத் தீவின் கணினி வரலாற்றை எழுதப்போகிறவர் எவராயிருந்தாலும், மாத்தளை நகரில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இயங்கிய பிராந்தியக் கணினி விழிப்பூட்டல் பணியகத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் தப்பிவிட முடியாது. அந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியை அதன் பணிப்பாளர் திரு. ஆறுமுகநாதன் அவர்களுக்கே கொடுக்க வேண்டிவரும். நாட்டில் ஆட்கள் எதையாவது சொல்லிவிட்டு அதற்காக அவதிப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், எதையுமே சொல்லாமல் ஓர் அரச அலுவலகத்தை நிர்வகிக்கலாம் என்று நிரூபித்த மேதை அவர்.

வடக்கிலிருந்து வாலிபராக மாத்தளைக்கு வந்து இங்கேயே தலை நரைத்தவர். இத்தனை ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து ஓர் அபிப்பிராயம் வெளிவந்ததற்குச் சாட்சி இல்லை. மழை பெய்கிறதா என்று கேட்டால், விரித்த குடையைக் கையில் பிடித்துக்கொண்டே "அப்பிடித்தான் சொல்லுகினம்" என்பார். மனைவி சரோஜினிதேவி குழம்புக்கு உப்புக் காணுமோ என்று கேட்டால், "நீரும் ஒருக்கால் பாரும்" என்பார். அவருடைய கையொப்பம்கூட, இது இன்னாருடையதுதான் என்று எந்த நீதிமன்றத்திலும் அடித்துச் சொல்ல முடியாத ஒரு நெளிவு.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் கொழும்புத் தலைமையகத்துக்கு ஒரு வெளிநாட்டுத் திட்டம் கிடைத்தது. 'அதிநவீன தொழில்நுட்பத்தை அடிமட்டத்துக்கு எடுத்துச் செல்லல்' என்பது அதன் பெயர். ஒவ்வொரு பிராந்தியப் பணியகமும் தொடக்கநிலையினருக்கு ஒரு கைந்நூலை மூன்று மொழிகளில் வெளியிட வேண்டும். தலைப்புகளைப் பணியகங்களே தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். சுற்றறிக்கை மாத்தளைக்கு வரும் வழியில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பிரித்துப் பார்க்கப்பட்டு ஒட்டப்பட்டு, களைத்துப்போய் வந்து சேர்ந்தது. அதற்குள் மற்றப் பிராந்தியங்கள் மின்னஞ்சல் அனுப்புவது எப்படி, தட்டெழுத்துப் பழகுவது எப்படி என்ற தலைப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டன. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. வெளிநாட்டு ஆலோசகர் ஒருவர் பக்கத்தை நிரப்புவதற்காக எழுதி வைத்தது: 'இயங்குதளக் கேர்னலுக்குள் தடம் பிடித்தல்: தொடக்கநிலை மாதிரி நிரல்கள்.'

ஆறுமுகநாதன் இந்தத் தலைப்பை நின்றபடி வாசித்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். இரண்டு நிலையிலும் விளங்கவில்லை. ஆகவே உடனே ஏற்றுக்கொண்டார். விளங்கிய விடயங்களில்தான் ஆபத்து இருக்கிறது என்பது அவருடைய நிர்வாகத் தத்துவம்.

நூலை எழுதும் பொறுப்பு போதனாசிரியை கமலாட்சியிடம் போனது. மாத்தளைக்கு மேலே ஒரு கொக்கோத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் வரை போய்க் கணினி படித்துவிட்டு வந்தவள். இவளிடம் இரண்டு குறைபாடுகள் இருந்தன. ஒன்று, வேலை தெரியும். மற்றது, சிரிப்பு வந்தால் சிரித்துவிடுவாள். முதலாவதைப் பணியகம் பெருந்தன்மையோடு மன்னித்திருந்தது.

அவள் எழுதத் தொடங்கிய வாரமே பணிப்பாளர் அவளை அழைத்தார்.

"பிள்ளை, இந்தக் கேர்னல் எண்டது என்ன? ஆரும் கேட்டா எனக்குத் தெரிஞ்சமாதிரி இருக்கவேணும். கனக்கத் தெரியத் தேவையில்லை."

"கம்பியூட்டருக்குள்ள எந்த புரோகிராம் என்ன செய்யணும்னாலும் நடுவுல ஒருத்தர்கிட்ட கேட்டுத்தான் சேர் செய்யணும். ஃபைல் தொறக்கணுமா, எழுதணுமா, இன்னொரு புரோகிராம எழுப்பிவிடணுமா, எல்லாத்துக்கும் அவருகிட்டதான் போகணும். அவருதான் கேர்னல்."

"கந்தோர்த் தலைவர் மாதிரி."

"ஆமா சேர். ஆனா அவரு உடனே பதில் சொல்லிருவாரு."

ஆறுமுகநாதன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "சரி, தடம் பிடிக்கிறது?"

"அந்தக் கேர்னலுக்குள்ள அங்கங்க ஒரு ஆள நிப்பாட்டி வைக்கிற மாதிரி சேர். யாரு வர்றா, எதுக்கு வர்றான்னு பாத்துச் சொல்லுவாரு. மெஷின் எங்க சுணங்குது, எங்க தப்பு பண்ணுதுன்னு கண்டுபுடிக்கத்தான்."

"சோதனைச்சாவடி எண்டு சொல்லும்."

"இல்ல சேர். சாவடியில எறக்கி வைப்பாங்க. இவரு ஒருத்தரையும் எறக்கமாட்டாரு."

முதலாவது மாதிரி நிரலை அவள் ஓட்டிக் காட்டினாள். கணினிக்குள் ஒரு நிரல் இன்னொரு நிரலைப் பிறப்பிக்கும்போதெல்லாம் திரையில் 'வணக்கம்' என்று ஒரு வரி விழுந்தது. இந்தத் துறைக்குள் கால் வைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் எழுதிப் பழகுவது இப்படியொன்றைத்தான் என்றாள். பணிப்பாளர் திரையருகே குனிந்தார்.

"இது ஆருக்கு வணக்கம் சொல்லுது?"

"யாருக்கும் இல்ல சேர். சும்மா சொல்லும்."

"அரச அலுவலகத்தில சும்மா வணக்கம் சொல்லேலாது, பிள்ளை. வணக்கத்தை ஏற்கிற உத்தியோகத்தர் ஆர் எண்டு தீர்மானிக்கவேணும்."

இரண்டாவது மாதிரி, எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று சொல்வது. சோதித்துப் பார்ப்பதற்காகக் கமலாட்சி அதைப் பணியகத்துக் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரு நாள் ஓடவிட்டாள். மாலையில் பார்த்தபோது, பணிப்பாளர் அவர்களின் கணினி காலை முதல் சீட்டாட்டத்தை மட்டுமே திறந்து மூடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவர் கோபப்படவில்லை. பெரியவர்கள் கோபப்படுவதில்லை, திருத்துகிறார்கள். 'பதவிநிலை உத்தியோகத்தர்களின் கணினிகள் நீங்கலாக' என்ற ஒரு வரியைத் தம் கைப்படச் சேர்த்தார். உலகத்தின் எந்த மூலையிலும் கேர்னல் அறிஞர்களுக்கு இந்த யோசனை அதற்கு முன் தோன்றியிருக்கவில்லை.

மூன்றாவது மாதிரி, ஒரு கோரிக்கை உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் செல்கிறது என்று அளப்பது. "உள்ள போற வாசல்ல ஒருத்தர், வெளிய வர்ற வாசல்ல ஒருத்தர்" என்று அவள் விளக்கியபோது, ஆறுமுகநாதன் உண்மையான அக்கறையோடு கேட்டார்:

"வெளியில வாற வாசலில நிக்கிறவருக்கு என்ன வேலை இருக்கும்?"

கமலாட்சி சிரித்துவிட்டாள். பணியகத்து எழுத்து வேலைகளைப் பார்க்கும் பிரதம லிகிதர் ஸெய்னுலாப்தீன் அடுத்த மேசையில் ஒரு காகிதக் கோவையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நூல் அச்சுக்குப் போகுமுன் 'சொல் பாதுகாப்புக் கூட்டம்' கூட்டப்பட்டது. தலைவர் ஆறுமுகநாதன். உறுப்பினர்கள் ஸெய்னுலாப்தீனும் கமலாட்சியும். நாடு இருந்த நிலையில், ஒரு கணினி நூலில் இப்படிப்பட்ட சொற்கள் இருக்கலாமா என்பதே ஆராயப்பட்ட விடயம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்துவதைக் 'கொல்லுதல்' என்று கமலாட்சி எழுதியிருந்தாள். துறையில் அப்படித்தான் சொல்வார்கள். அது 'ஓய்வு வழங்கல்' எனத் திருத்தப்பட்டது. தன்னைப் பிறப்பித்த நிரல் முடிந்துபோனபின் தனியே ஓடும் நிரலுக்கு 'அநாதை' என்று பெயர். அது 'பெற்றோர் விபரம் கிடைக்கப்பெறாதது' ஆயிற்று.

"இப்ப கேர்னலுக்கு வருவம்" என்றார் தலைவர். "தமிழ்ச் சொல் ஒண்டு வேணும்."

"கரு எண்டு போடலாமே சேர்" என்றார் ஸெய்னுலாப்தீன்.

"குடும்பத் திட்டமிடல்காரர் கேள்வி கேப்பினம்."

"மையம்னு வைப்பமா?" என்றாள் கமலாட்சி.

"மையத்தில ஆர் இருக்கிறது, ஓரத்தில ஆர் இருக்கிறது எண்டு அரசியல் வந்திடும்."

"அப்ப உள்ளகம்?"

ஆறுமுகநாதன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "பிள்ளை, 'உள்ளக சுயநிர்ணயம்' எண்டு ஒஸ்லோச் சமாதானப் பேச்சுவார்த்தையில பேசின சொல் அது. அதைக் கொண்டுவந்து மாத்தளையில போடுறதோ?"

கடைசியில் கேர்னல் என்ற ஆங்கிலச் சொல்லே மூன்று மொழிகளிலும் அப்படியே இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆங்கிலம் ஒருவரையும் கோபப்படுத்தாது என்பது தலைவரின் கணிப்பு. இதைவிடப் பத்திரமான சொல் நாட்டில் கிடையாது.

அச்சான முதல் பிரதிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு கமலாட்சி ஒரு காலை கலேவெலவுக்குப் பஸ் ஏறினாள். அங்கே பாடசாலை ஆசிரியர்களுக்கு முதலாவது பயிற்சி வகுப்பு. வழியில் ஒரு சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். அவளுடைய பையைத் திறந்தார்கள். அங்கே நடந்ததைப் பிற்பாடு ஸெய்னுலாப்தீன் பஸ் நடத்துநரிடம் விசாரித்து அறிந்தார்.

சிங்களத்தில் இராணுவக் கேணலைக் 'கர்னல்' என்றுதான் சொல்வார்கள். கேர்னலும் சிங்கள எழுத்தில் அதேபோல்தான் விழும். நூலின் சிங்கள அட்டையில், கர்னலுக்குள் தடம் பிடிப்பது பற்றிப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சாவடியில் நின்ற சிப்பாய் அதை வாசித்துவிட்டு, எந்தக் கர்னல் என்று கேட்டான்.

"அந்தக் கர்னல் இல்ல, இது வேற கர்னல்" என்றாள் கமலாட்சி, நல்ல சிங்களத்தில்.

"இவர் எங்கே இருக்கிறார்?"

"எல்லா இடத்துலயும் இருக்காரு. உங்க காம்ப்லயும் இருப்பாரு."

"எங்கள் முகாமுக்குள்ளா?"

"கம்பியூட்டர் இருந்தா உள்ள இருப்பாரு."

"யார் அனுப்பியது?"

"மொதல்ல செஞ்சவரு பின்லாந்துக்காரரு. இப்ப உலகம் முழுக்க ஆளுங்க சேந்து செய்றாங்க."

சிப்பாய் தன் மேலாளைக் கூப்பிட்டான். மேலாள் வந்து, கர்னலுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டான். கமலாட்சி சிரித்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவளையும் புத்தகங்களையும் பக்கத்திலிருந்த பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பணியகத்துக்குத் தொலைபேசி வந்தது.

"சேர், பொலீஸால கோல் வந்திரிக்குது" என்று ஸெய்னுலாப்தீன் கதவடியில் நின்றார். "நம்ம கமலாட்சிப் புள்ளைய வெச்சிருக்காங்களாம். பொறுப்பான ஆள் வந்து ஒரு சொல் சொன்னா விட்டுருவாங்களாம்."

"நான் லீவு எண்டு சொல்லும்."

"நீங்க இரிக்கிறீங்கண்டு சொல்லிட்டன் சேர்."

ஆறுமுகநாதன் அவரைப் பார்த்த பார்வையில் ஆழ்ந்த வருத்தம் இருந்தது. இத்தனை காலம் தம் கீழே வேலை பார்த்தவர், இன்னும் ஒன்றும் பழகவில்லையே.

இருவரும் முச்சக்கரவண்டியில் போனார்கள். வழி முழுவதும் பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் இதே வீதியில் ஒரு பஸ்ஸை நிறுத்தினார்கள். அவரும், அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த இராசலிங்கமும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஏறியவர்கள், தமிழரா என்று ஒரு கேள்வி கேட்டார்கள். இராசலிங்கம் உடனே உண்மையைச் சொன்னார். ஆறுமுகநாதன் கண்ணை மூடித் தூங்குகிறவர்போல் இருந்தார். இராசலிங்கத்தை இறக்கினார்கள். பஸ் புறப்பட்டபோதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த நித்திரை அது.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ரத்நாயக்க கமலாட்சிக்கு வாங்கில் இடம் கொடுத்து, தேநீரும் கொடுத்திருந்தார். நூல் மேசைமேல் இருந்தது. பணிப்பாளருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மட்டக்களப்பில் வேலை பார்த்த காலத்தில் பழகிய தமிழ் அவருக்கு. அதில் ஒரு பெருமையும். 'ஐயா' மட்டும் சிங்கள 'மாத்தயா'வாகவே நின்றுவிட்டது.

"மாத்தயா, நான் இந்தப் பொத்தகம் பார்த்த. இது கம்பியூட்டர். எனக்கு விளங்குது. ஆனா மேல அறிவிச்சாச்சி. கொழும்பு ஆக்கள் பின்னேரம் வாறாங்க. அவங்க வந்தா என்ட கையில இல்ல. அதுக்கு முந்தி நான் புள்ளையிட வாக்குமூலம் எழுதி முடிச்சி அனுப்பலாம். உங்களட்ட ஒரு கேள்விதான். இந்தப் புள்ள உங்கட ஒபிஸ், இந்தப் பொத்தகம் உங்கட ஒபிஸ். ஓமா, இல்லையா?"

நிலையத்தில் எல்லாரும் பணிப்பாளரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தப்பட்ட நூலானது சம்பந்தப்பட்ட சுற்றறிக்கையின் பிரகாரம் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தரால் தயாரிக்கப்பட்டதாகக் கருத இடமுண்டு" என்றார்.

இன்ஸ்பெக்டர் கவனமாகக் கேட்டார். "அப்ப ஓம்?"

"அப்பிடி நான் சொல்லேல்லை."

"அப்ப இல்லை?"

"அப்பிடியும் சொல்லேல்லை. கோவையைப் பாக்கவேணும்."

"மாத்தயா, புள்ள இங்க இரிக்கி. கோவை என்னத்துக்கு? பார்த்துச் சொல்லுங்க, இது உங்கட புள்ளையா?"

"பார்வைக்கு அப்பிடித்தான் தெரியுது" என்றார் ஆறுமுகநாதன், பார்க்காமலே.

ஸெய்னுலாப்தீனுக்குப் பொறுக்கவில்லை. "ஓம் ஐயா, எங்கட புள்ளதான், நான் ஒவ்வொரு நாளும்" என்று தொடங்கினார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்தி, அவருடைய பதவியைக் கேட்டார். பிரதம லிகிதர் என்றதும் தலையை ஆட்டினார். "ஒபிஸ் தலைவர் சொல்லணும். அவர் பக்கத்தில இருந்துகொண்டு சொல்லாட்டி, உங்கட சொல்ல நான் எழுத ஏலாது."

கமலாட்சிக்கு இன்னும் இது ஒரு பெரிய விடயமாகத் தோன்றவில்லை. "சேர், ஓம்னு ஒரு வார்த்த சொல்லுங்க சேர். மத்தியான பஸ்ஸயாவது புடிச்சாத்தான் கலேவெலக்கிப் போகலாம். டீச்சர்மாரு காத்துக்கிட்டு இருப்பாங்க."

ஆறுமுகநாதன் இன்ஸ்பெக்டரிடம், கேள்வி எழுத்தில் கிடைத்தால் தலைமையகத்தின் அனுமதியோடு எழுத்தில் பதில் தர ஆவன செய்யப்படும் என்று கூறி எழுந்தார். இன்ஸ்பெக்டர் பேனாவுக்கு மூடியைப் போட்டார். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து "சேர்" என்று ஒரு தரம் கேட்டது. அவர் வேகமாக நடந்தார்.

கொழும்பு ஆட்கள் பின்னேரம் வந்தார்கள். கமலாட்சியைக் கொண்டுபோனார்கள்.

பணியகம் சும்மா இருக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். 'ஓம் என்று சொல்வதற்கு அனுமதி கோரல்' என்ற பொருளில் ஆறுமுகநாதன் அன்றே தலைமையகத்துக்கு எழுதினார். எந்த மொழியில் சொல்ல உத்தேசிக்கப்படுகிறது என்று தலைமையகம் விளக்கம் கேட்டது. தமிழில் என்று பதில் போனது. மூன்று மொழிகளிலும் வரைவு அனுப்பும்படி அங்கிருந்து வந்தது. இப்படி மிகத் துரிதமாக வேலைகள் நடந்துகொண்டிருந்த நாள்களில், கமலாட்சியின் தாய் சுந்தரம்மா தோட்டத்திலிருந்து இறங்கி வந்தாள். ஸெய்னுலாப்தீன் அவளைப் பணிப்பாளரின் அறைக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"எங்கெங்கயோ போய் கேட்டுட்டோம்ங்க ஐயா" என்றாள் சுந்தரம்மா. "இன்ன எடத்துல இருக்கான்னு இப்பத்தான் தெரிஞ்சிச்சி. பாக்க விடமாட்றாங்க. அவ இங்க வேல செய்ற புள்ளதான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, கொண்டுபோய் காட்டுறோம்."

"அம்மா, 'வேலை செய்யிற' எண்டு எழுதினா, இப்ப செய்யிறா எண்டு அர்த்தம் வரும். அவ இப்ப வேலைக்கு வாறதில்லையே."

"அவங்கதானேங்க புடிச்சி வச்சிருக்காங்க."

"அது வேலைக்கு வராததுக்குக் காரணம். வந்தா எண்டு ஆகாது."

"அப்ப வேல செஞ்ச புள்ளன்னு எழுதுங்களேன்."

"அப்பிடி எழுதினா நாங்கள் நிப்பாட்டினதா அர்த்தம் வரும். அது அவவுக்குத்தான் கூடாது. நான் அவவின்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

சுந்தரம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். பிறகு, "ஐயாவுக்குப் புள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். "அது என்ர கோவையில இருக்கும்" என்றார் அவர். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று இரவு ஆறுமுகநாதன் சாப்பிடவில்லை. ஏன் என்று சரோஜினிதேவி கேட்டதற்கு, பசி இல்லைப்போல் இருக்கிறது என்றார்.

விடுமுறை பெறாமல் கடமைக்குச் சமுகமளிக்காத உத்தியோகத்தர் பதவியைத் தானே கைவிட்டதாகக் கருதப்பட வேண்டும் என்பது விதி. விதியின்படி பதிவுத்தபால் ஒன்று கமலாட்சியின் தோட்டத்து முகவரிக்குப் போனது. அவள் சிறையில் இருப்பது கருத்தில் எடுக்கப்பட்டதா என்றால், எடுக்கப்பட்டது. அதற்கான விடுமுறைப் படிவத்தை அவள் நிரப்பித் தரவில்லை.

இதற்கிடையில் வெளிநாட்டுத் திட்டத்தின் ஆண்டு முடிவுக்கு வந்தது. நூலை வெளியிட்டேயாக வேண்டும். பழைய அட்டை கிழிக்கப்பட்டு, 'கணினியின் உட்புற சுகநலம்: ஓர் இனிய அறிமுகம்' என்று புதிய அட்டை ஒட்டப்பட்டது. யார் எதைத் திறக்கிறார் என்று பார்க்கிற இரண்டாவது மாதிரியும், உள்ளே போனது எப்போது வெளியே வரும் என்று கேட்கிற மூன்றாவது மாதிரியும் காலத்துக்கு ஒவ்வாதவை என நீக்கப்பட்டன. எஞ்சியது 'வணக்கம்' மட்டும். ஆசிரியர் பெயர் இருந்த இடத்தில் ஒரு தாமரைப் பூ போட்டார்கள்.

மாத்தளையில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா. குத்துவிளக்கு, பாற்சோறு, கொழும்பிலிருந்து ஒரு மேலதிகச் செயலாளர். அவர் மேடையில் பொத்தானை அழுத்த, மாதிரி நிரல் பெரிய திரையில் ஓடத் தொடங்கியது. 'வணக்கம்' என்று ஒரு வரி விழுந்தது. செயலாளர் திரையைப் பார்த்துக் கைகூப்பினார். அடுத்த வணக்கம் விழுந்தது. அதற்கும் கூப்பினார். அந்தக் கணினியில் யாரோ திறந்து வைத்த நிரல்களெல்லாம் ஒன்றையொன்று பிறப்பித்துக்கொண்டிருந்தன போலும். வணக்கங்கள் மழையாகக் கொட்டத் தொடங்கின. செயலாளர் மரியாதை தெரிந்தவர். இயன்றவரை ஈடுகொடுத்தார். சபையும் எழுந்து கூப்பியது. சிறிது நேரத்தில் கூப்பிய கையைப் பிரிக்க ஒருவராலும் முடியவில்லை.

"நிப்பாட்டும்" என்றார் ஆறுமுகநாதன், உதட்டை அசைக்காமல்.

"எப்பிடி நிப்பாட்டுறதுண்டு புத்தகத்தில இல்லயே சேர்" என்றார் ஸெய்னுலாப்தீன். "ஓய்வு வழங்கல்ண்டு போட்டிரிக்கி. அதத் தட்டிப் பாத்தன். கேக்குதில்ல."

"அப்ப ஆருக்குத் தெரியும்?"

ஸெய்னுலாப்தீன் நூலிலிருந்த தாமரைப் பூவில் விரலை வைத்தார். பணிப்பாளர் அதற்குமேல் கேட்கவில்லை. கடைசியில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். இருட்டில் செயலாளர், இத்தனை பணிவான தொழில்நுட்பத்தைத் தாம் கண்டதில்லை என்று புகழ்ந்து பேசினார்.

யுத்தம் முடிந்து சில மாதங்களின்பின் கமலாட்சியை விட்டார்கள். அவளுடைய வழக்கைப் பார்த்த அதிகாரி ஒருவர் நூலைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாராம். கணினி படிக்கும் அவருடைய மகன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுச் சிரித்தானாம். அவனை ஒருவரும் பிடிக்கவில்லை. குற்றச்சாட்டு ஏதுமில்லை, போகலாம் என்றார்கள்.

அவள் பணியகத்துக்கு வந்தபோது மெலிந்து, கழுத்தெலும்பு தெரிந்தது. கை விரல் இரண்டை மடக்க முடியாமல் இருந்தது. ஸெய்னுலாப்தீன் எழுந்து நின்று, தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளிவிட்டார். ஆறுமுகநாதன் அவளை உள்ளே அழைத்து, பதிவுத்தபாலின் பிரதியைக் காட்டினார்.

"உம்மட இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு, பிள்ளை. மேன்முறையீடு செய்யலாம். ஆனா அதுக்குரிய காலம் போன மாசத்தோட முடிஞ்சுது."

"போன மாசம் நான் உள்ளதானே சேர் இருந்தேன்."

"அது எனக்கு உத்தியோகபூர்வமாத் தெரியாது."

அவள் சிரிப்பாள் என்று அவர் பயந்தார். சிரிக்கவில்லை. "சரிங்க சேர்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். பிறகு நகரத்தில் ஸக்கரியா என்பவர் நடத்திய தனியார் வகுப்பொன்றில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.

அந்த ஆண்டு முடியுமுன், கடினமான காலத்தில் எந்தவிதச் சர்ச்சைக்கும் இடமளிக்காமல் அலுவலகம் நடத்திய உத்தியோகத்தர்களுக்கு மாவட்டத்தில் விருது கொடுத்தார்கள். ஆறுமுகநாதனின் பெயர் ஒருவரது ஆட்சேபமும் இன்றி முதலிடத்துக்கு வந்தது. நேர்முகத்தில், உங்கள் சொல்லால் எவராவது பாதிக்கப்பட்டதுண்டா என்று கேட்டார்கள். ஒருவரும் இல்லை என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே நேரான பதில் அது. முழு உண்மையும்கூட.

விருது கிடைத்த வெள்ளிக்கிழமை அவர் பட்டுவேட்டி உடுத்தி, சரோஜினிதேவியோடு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய் விசேட பூசை செய்வித்தார். நல்ல கூட்டம். பின்வரிசையில் சுந்தரம்மாவும் கமலாட்சியும் நின்றதை அவர் காணவில்லை. ஐயர் தேங்காயும் பூவும் கையில் கொடுத்து, தான் சொல்வதைத் திருப்பிச் சொல்லும்படி கூறி, மந்திரத்தைத் தொடங்கினார்.

"ஓம்" என்றார் ஆறுமுகநாதன்.

மூலஸ்தானம் வரை கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பக்தியோடு திரும்பிப் பார்த்தார்கள். ஐயர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு மந்திரத்துக்கும் முன்னால் அவர் தயக்கமோ தடுமாற்றமோ இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய அதைச் சொன்னார். பூசை முடிந்து கண்ணைத் திறந்தபோது கமலாட்சி எதிரே நின்றாள். கையில் விபூதி மடித்த தாள்.

"நல்லா கணீர்னு சொல்றீங்க சேர்" என்றாள். "அன்னிக்கி பொலிஸ்ல கேட்டதும் இதே ஒரு சொல்லுதான்."